முதல் பவளம் வாங்குமுன் நத்தையைக் கேளுங்கள்

கேள்வி: நாலறை வீவக வீட்டுக் கூடத்தில் 60 x 45 x 45 செ.மீ. உப்புநீர்த் தொட்டி வைத்து ஏழு மாதம் ஆகிறது. இரண்டு கோமாளி மீன், ஒரு கோபி மீன் இருக்கின்றன. சூட்டைத் தணிக்க விசிறி மட்டும்தான், காலையில் 27.5, பிற்பகலில் 30 டிகிரி. பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் உப்பு 1.023. நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. குழாய்த் தண்ணீரில் ஆன்டி-குளோரின் விட்டு உப்புக் கலக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி வந்தது. தொட்டியில் செம்பு மருந்து விட்டேன், குணமாயிற்று. அப்போது நத்தைகள் செத்தன. பிறகு வாங்கிய நான்கிலும் இரண்டு போய்விட்டன. அடுத்த மாதம் போனஸ் வந்ததும் பத்துப் பவளத் துண்டுகள் வாங்க ஆசை. கடைக்காரர் டார்ச் பவளம் ஒன்றும் அனிமோன் (கடல் சாமந்தி) ஒன்றும் எடுக்கச் சொல்கிறார். ஜோகூரில் பாதி விலை என்கிறார் நண்பர். எதில் தொடங்கலாம்?
- உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: அன்பு வாசகருக்கு,

எதில் தொடங்குவது என்று கேட்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் கண் நிற்கிறது. செம்பு மருந்தைத் தொட்டியிலேயே விட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வாங்கிய நத்தைகளிலும் இரண்டு செத்திருக்கின்றன. இதைத் தீர்க்காமல் ஒரு துண்டுப் பவளம்கூட வாங்க வேண்டாம்.

மீன் தாங்குகிற அளவு செம்பை நத்தை, இறால், பவளம் எதுவும் தாங்காது. சிகிச்சை முடிந்து தண்ணீரை மாற்றினால் செம்பு போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீரில் இருப்பது போகும். பாறையும் மணலும் கால்சியம் கார்பனேட் ஆயிற்றே. செம்பு அவற்றில் ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தண்ணீரில் இறங்கும். கடையில் கிடைக்கும் செம்புச் சோதனைப் பெட்டி, சிகிச்சை அளவு சரியா என்று பார்ப்பதற்காகச் செய்தது. அது 0 காட்டுகிறது என்பதை நம்பிப் பவளத்தை இறக்க முடியாது.

செய்ய வேண்டியது இது. பாலி-ஃபில்டர் என்று ஒரு வெள்ளைத் திண்டு விற்கிறது. அதைத் தண்ணீர் ஊடே பாய்ந்து போகும் இடத்தில் வையுங்கள். செம்பைப் பிடித்தால் நீலமாக மாறும். கறைபட்ட திண்டை எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள். நீலம் ஏறாத திண்டு வரும்வரை இது தொடரட்டும். கியூப்ரிசார்ப் போன்ற செம்பு உறிஞ்சும் குருணையும் இதே வேலையைச் செய்யும். மணலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். விலை குறைவு, செம்பு ஒளிந்திருக்கும் பரப்பு அதில்தான் அதிகம். ஒரே நாளில் மொத்தமாக வழிக்காமல், வாரம் கால்வாசியாகச் சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுங்கள். இல்லையென்றால் அடியில் தேங்கிய அழுக்கு கிளம்பி மீனைப் படுத்தும். ஒன்றரை மாதம் கடந்தும் திண்டு நீலமாகிக்கொண்டே இருந்தால் பாறையையும் மாற்றுவது தவிர வழியில்லை.

அதன் பிறகு நத்தைச் சோதனை. மூன்று நத்தைகளை விட்டு நான்கு வாரம் பாருங்கள். நலமான நத்தை இரவில் கண்ணாடியில் ஏறி மேயும். பாதம் முழுவதும் கண்ணாடியோடு ஒட்டி விரிந்திருக்கும். செம்பு தாக்கிய நத்தை ஓட்டுக்குள் பாதி சுருங்கி, புரண்டு விழுந்தால் நிமிராமல் அப்படியே கிடக்கும். மூன்றும் நான்கு வாரம் நன்றாக மேய்ந்தால் பவளக் கடைக்குப் போகலாம்.

ஆனால் நத்தை செம்பால் மட்டும் சாவதில்லை. உப்பு சரியாக இல்லாவிட்டாலும் சாகும். அதனால் சோதனைக்கு முன்பே உப்பைச் சரிசெய்துவிடுங்கள். முள் ஆடும் அந்தப் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில், முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினால் போதும், அளவு மாறிவிடும். ஒளி விலகுவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குங்கள். கூடவே 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) என்று எழுதிய அளவுத்திருத்தத் திரவமும். வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்தால், நமக்கு வேண்டிய 35 பக்கத்தில் அது பிசகலாம். இலக்கு 35 பிபிடி, அதாவது ஹைட்ரோமீட்டர் கணக்கில் 1.026. இப்போது உண்மையிலேயே 1.023 தான் என்றால், ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் சில நாள் உப்புநீர் ஊற்றி, நாளுக்கு 0.001க்கு மேல் ஏறாமல் உயர்த்துங்கள்.

விசிறி ஓடும் தொட்டியில் ஆவியாதல் சாதாரணமல்ல. உங்கள் தொட்டியில் பாறை போக மிஞ்சும் தண்ணீர் சுமார் 100 லிட்டர். நாளுக்கு 2 லிட்டர் ஆவியாகி, நீங்கள் மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் 35 பிபிடி 37 ஆகிவிடும். பிறகு ஒரே மூச்சில் 6 லிட்டர் நல்ல தண்ணீரை ஊற்றினால் மறுபடி 35. மீனுக்கு இது பெரிதாகத் தெரியாது. பவளத்துக்குத் தெரியும். தானாக நீர் நிரப்பும் சிறு கருவி, அதான் ஏடிஓ, பவளத்தைவிட முதலில் வாங்க வேண்டியது.

நிரப்புகிற தண்ணீர் எது என்பதும் இருக்கிறது. பியூபி குழாய்த் தண்ணீர் குளோரமின் கொண்டு கிருமிநீக்கம் செய்யப்படுகிறது. குடிக்க அருமையான தண்ணீர். சாதாரண ஆன்டி-குளோரின் குளோரமினை உடைக்கும்போது அமோனியா மிஞ்சும். அதோடு குழாய்த் தண்ணீரில் வரும் தாதுக்கள், ஒவ்வொரு நாள் நிரப்பும்போதும் சேர்ந்துகொண்டே போகும். ஆவியாகப் போவது வெறும் நீர்தானே. தாதுக்களையும் நீக்கும் ஆர்ஓ-டிஐ வடிகட்டி ஒன்றைச் சமையலறைக் குழாயில் மாட்டுங்கள். குளோரமினுக்கு ஏற்ற கரித்துண்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வடிகட்டிய தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும். 1, 2 என்று ஏறத் தொடங்கினால் வடிகட்டியில் உள்ள டிஐ பிசினை மாற்றும் நேரம். கழிவாக வரும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாம்.

அடுத்தது சூடு. சிங்கப்பூர்க் கடலே 29, 30 டிகிரிதானே என்று நீங்கள் கேட்கலாம். கடல் ஒரே நாளில் 27.5க்கும் 30க்கும் இடையே ஏறி இறங்குவதில்லை. 30 என்பது அங்கேயும் விளிம்புதான்; 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல் அதற்கு மேல் சூடேறியபோது நம் தென் தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்கள் வெளுத்துப்போயின. பவளத்தின் சதைக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தரும் நுண்பாசி, சூட்டில் வெளியேற்றப்படுகிறது. அதைத்தான் வெளுப்பு என்கிறோம். விசிறி, தண்ணீர் ஆவியாவதால்தான் குளிர்விக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. புழுக்கமான பிற்பகலில், மிகவும் தேவைப்படும் நேரத்தில், அது பாதி வேலைகூடச் செய்யாது. உங்கள் அளவுத் தொட்டிக்கு 1/10 குதிரைத்திறன் சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி வேண்டும். 26 டிகிரியில் வையுங்கள்.

சில்லரைத் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில் வைத்துக் கதவை மூடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அது வெளியே தள்ளும் சூடான காற்றையே திரும்ப இழுத்து, நாள் முழுக்க ஓடி, மின்கட்டணத்தை ஏற்றிவிட்டுத் தண்ணீரைக் குளிர்விக்காமல் நிற்கும். வெளியே வையுங்கள், காற்று போகும் பக்கம் சுவரிலிருந்து ஒரு முழம் இடைவெளி இருக்கட்டும். தூசு வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

நைட்ரேட் 0, பாஸ்பேட் 0 என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மதிப்பெண் போலத் தோன்றும் இந்த எண்கள் பவளத்துக்குப் பட்டினி. அந்த நுண்பாசிக்கு இரண்டும் வேண்டும். இரண்டுமே இல்லாத தொட்டியில் டைனோ என்கிற பழுப்புச் சளி கிளம்பும். இழை இழையாக, நுனியில் காற்றுக்குமிழியோடு மணல்மேல் படரும். விளக்கணைந்ததும் குறைந்து, மறுநாள் மதியம் மீண்டும் நிற்கும். பாஸ்பேட் நீக்கும் குருணை ஏதும் வடிகட்டியில் இருந்தால் எடுத்துவிடுங்கள். நுரையாக அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மர் இருந்தால் இரவில் மட்டும் ஓடட்டும். மீனுக்கு நாளுக்கு இருமுறை உணவு போடுங்கள். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை வந்தால் போதும். பாறையில் முடிப்பாசி அடர்ந்திருந்தால் சோதனையில் வரும் 0 பொய்யாகவும் இருக்கலாம், வருவதையெல்லாம் பாசி தின்றுவிடுவதால். அப்போது முதலில் பாசியைக் கையால் பிடுங்கி எடுங்கள்.

ஆல்கலினிட்டியை, அதாவது தண்ணீரின் காரத்தன்மையைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. கல் எலும்பு வளர்க்கும் பவளம் முதலில் தின்பது அதைத்தான். சோதனைப் பெட்டி வாங்கி இரண்டு வாரம், மூன்று நாளுக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே உப்பும் வெப்பநிலையும். 8 டிகேஎச் (அதன் அலகு) ஆக இருந்தாலும் சரி, 9 ஆக இருந்தாலும் சரி, அது அங்கேயே நிற்கிறதா என்பதுதான் முக்கியம். கால்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம். இவற்றை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். வாரம் 10 லிட்டர் தண்ணீர் மாற்றினால், சில துண்டுப் பவளம் வைத்த தொட்டிக்கு வேறு மருந்து எதுவும் வேண்டாம். புதுத் தண்ணீரை வாளியில் பம்ப் போட்டுச் சில மணி நேரம் சுழலவிட்டு, உப்பும் சூடும் தொட்டியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தபின் ஊற்றுங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. பத்து வேண்டாம், மூன்று வாங்குங்கள். காளான் குடைபோல விரியும் லெதர் ஒன்று, மஷ்ரூம் ஒன்று, பொத்தான் போன்ற பாலிப்கள் கூட்டமாக வளரும் ஸோவா ஒரு சிறு துண்டு. பத்தும் ஒரே நாளில் இறங்கி, ஒன்று அழுகத் தொடங்கினால் எது காரணம் என்று தெரியாது. அது மற்றவற்றையும் கெடுக்கும். பச்சைப் புல்வெளிபோல ஆடும் ஸ்டார் பாலிப்பும் எளிதில் வளரும். அதை முதன்மைப் பாறையில் ஒட்டிவிடாதீர்கள். ஊதா நிறப் பாய்போல எல்லாவற்றின்மீதும் ஏறிவிடும். தனிக் கல்லில், மற்றப் பாறைகளைத் தொடாமல் அடியில் வையுங்கள். ஸீனியா என்னும் பவளமும் அப்படித்தான்.

ஸோவா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை, இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். ஸோவா வகையில் சிலவற்றில் பேலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. தொடும்போது கையுறை, வெட்டும்போது கண்ணைக் காக்கும் மூக்குக்கண்ணாடியும். ஸோவா இருக்கும் கல்லை ஒருபோதும் வெந்நீரில் போடாதீர்கள், கொதிக்க வைக்காதீர்கள், காய்ந்த கல்லைப் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். ஆவியில் கிளம்பும் நஞ்சு வீட்டில் உள்ள எல்லோரையும் படுக்க வைத்துவிடும். கையாண்ட பின் வாயில் உலோகக் கசப்பு, காய்ச்சல், மூச்சுத் திணறல் வந்தால் தாமதிக்காமல் 995ஐ அழைத்து, ஸோவா பவளத்தைத் தொட்டதாகச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகள் தொட்டியில் கைவிடும் வீடு என்றால் ஸோவாவை விட்டுவிட்டு, விரல் வடிவ லெதர் வாங்கிக்கொள்ளுங்கள்.

டார்ச் அழகுதான். ஆனால் விலை அதிகம், கொட்டும் கை நீளம், உப்பும் ஆல்கலினிட்டியும் ஏறி இறங்கினால் முதலில் போவதும் அதுவே. முதல் மூன்றும் இரண்டு மாதம் நன்றாக விரிந்து நின்றபின் கல் பவளங்களில் டங்கன் அல்லது கேண்டி கேன், பிறகு ஹேமர், அதற்கும் பிறகு டார்ச். அனிமோன் ஓரிடத்தில் நிற்காது. நடந்து போய், நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரில் சிக்கி அரைபட்டால் ஒரே இரவில் தொட்டி நாசமாகும். கோமாளி மீனுக்கு அனிமோன் கட்டாயமில்லை. கடைகளில் பண்ணையில் பிறந்தவை நிறையக் கிடைக்கின்றன, அவை அனிமோனையே பார்த்திராமல் நன்றாக வாழ்கின்றன.

ஜோகூர் யோசனையைக் கைவிடுங்கள். கல் பவளங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. டார்ச், ஹேமர், டங்கன் எல்லாம் அதில் அடக்கம். அனுமதிச் சீட்டில்லாமல் ஒரு துண்டைப் பையில் போட்டுச் சோதனைச்சாவடி தாண்டினாலும் குற்றம். லெதர், மஷ்ரூம் அந்தப் பட்டியலில் இல்லை என்று யாராவது சொன்னாலும், என்பார்க்ஸிடம் (தேசியப் பூங்காக் கழகம்) கேட்காமல் எதையும் எடுத்து வராதீர்கள். சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கமும் பாசிர் ரிஸ் ஃபார்ம்வே பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றினாலே, தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டுகள் கிடைக்கும். கடலிலிருந்து புதிதாக வந்ததைவிட அவை எளிதில் பழகும்.

கடையில், வந்து ஒரு வாரமாவது ஆன துண்டைக் கேளுங்கள். சதை முழுதாக விரிந்திருக்கிறதா, ஓரத்தில் வெள்ளை எலும்பு தெரிகிறதா, கல்லில் பழுப்பு நிறத்தில் சிறு பனைமரம் போல ஐப்டேசியா என்னும் தொல்லை அனிமோன் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். கடைத் தொட்டியின் உப்பளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் பை சூடேறாமல், ஐஸ்கிரீம் வாங்கும் தெர்மல் பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

வீட்டில் விளக்கைக் குறைத்துவிட்டு, பையை 15 நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரைக் கப் தொட்டித் தண்ணீர் பையில் சேர்த்து, அரை மணி நேரம். அதன்பின் மூன்று கிண்ணம் தயாராக இருக்கட்டும். மூன்றிலும் தொட்டித் தண்ணீர். முதலாவதில் பவளக் குளியல் மருந்து, பாட்டிலில் சொன்ன அளவு, சொன்ன நேரம். குளிக்கும்போது பிளாஸ்டிக் பீச்சுகுழலால் பவளத்தின் மடிப்புகளுக்குள் தண்ணீரைப் பீச்சுங்கள். வெள்ளைக் கிண்ணமாக இருந்தால் விழுவது கண்ணுக்குத் தெரியும்: எள் அளவு பழுப்புத் தட்டைப்புழு, நூல் துண்டு போன்ற முள்புழு, சில வேளை ஸோவாவின் நிறத்திலேயே இருக்கும் ஓடில்லாக் கடல்நத்தை. அடுத்த இரண்டு கிண்ணத்தில் அலசி எடுங்கள். முட்டையை இந்த மருந்து கொல்லாது. அதனால் துண்டு ஒட்டியிருக்கும் பீங்கான் அடித்தளத்தை வெட்டி எறியுங்கள். முட்டையும், வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணியின் கூடும் ஒட்டி வருவது அதில்தான். ஒரு வாரம் கழித்து மறு குளியல். பையின் தண்ணீரும் கிண்ணத் தண்ணீரும் வடிகாலுக்குப் போகட்டும், தொட்டிக்கு வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் எல்லாமே அடியில், வெளிச்சம் குறைந்த இடத்தில் இருக்கட்டும். உங்கள் எல்இடி எத்தனை சதவீதத்தில் எரிகிறது என்று எழுதவில்லை. மீன் மட்டும் இருந்த தொட்டியில் முழுதாக எரியவிடுவதுதான் வழக்கம். 30 சதவீதத்துக்குக் குறைத்து, நாளுக்கு 8 மணி நேரம் வைத்து, வாரம் 5 சதவீதமாக ஏற்றுங்கள். பவளத்துக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் பார் மீட்டர் யாரிடமாவது இரவல் கிடைத்தால் இந்த மூன்றுக்கும் 50 முதல் 100 போதும். வெளிச்சம் மிகுந்தால் நிறம் வெளிறும். குறைந்தால் தண்டு நீண்டு விளக்கை நோக்கி எட்டும்.

பிறகு ஒட்டுவது. ஜெல் வகை சூப்பர் குளூ, அதன்மேல் பிசைந்த எபாக்சி உருண்டை, அதன்மேல் மறுபடி குளூ. பாறையில் அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். குளூ மட்டும் போட்டால் நத்தை இடித்தே கழன்றுவிடும். மஷ்ரூம் வழவழப்பு, எதிலும் ஒட்டாது. சிறு டப்பாவில் உடைகல் போட்டு, மஷ்ரூமை அதன்மேல் வைத்து வலை கட்டி, நீரோட்டம் குறைந்த மூலையில் ஒரு வாரம் விடுங்கள். தானே ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கல்லை ஒட்டுங்கள்.

வந்த சில வாரத்தில் லெதர் திடீரென்று மூடிக்கொள்ளும். பாலிப் ஒன்றுகூட வெளியே வராது, மேலே மெழுகு பூசியதுபோல மினுங்கும். செத்துவிட்டது என்று பதறிப் பலர் எடுத்து எறிகிறார்கள். அது தோலுரிக்கிறது. ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகலாம். பிறகு காய்ச்சிய பாலின் ஆடைபோல ஒரு படலம் ஓரத்திலிருந்து கிளம்பி, நீரோட்டத்தில் கிழிந்து போகும். அடியில் புதுச் சதை. படலம் போக நீரோட்டத்தைச் சற்றுக் கூட்டினால் போதும். லெதர் தண்ணீரில் விடும் வேதிப்பொருள் பிறகு வரும் கல் பவளத்தைத் தொல்லைப்படுத்தும் என்பதால், அரைக் கப் ஆக்டிவேட்டட் கார்பன் வடிகட்டியில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை மாற்றுங்கள். தோலுரிப்பதற்கும் அழுகுவதற்கும் வித்தியாசம் மூக்குக்குத் தெரியும். அழுகினால் சதை குழைந்து, முட்டை நாற்றம் அடிக்கும். அப்போது அந்த நிமிடமே வெளியே எடுங்கள்.

ஒரு பவளம் மூன்று நாள் விரியவில்லை என்று அதை மேலே, கீழே, இடப்பக்கம் என்று மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு இடமாற்றமும் அதற்குப் புது வெளிச்சம், புது நீரோட்டம். முதலில் உப்பையும் ஆல்கலினிட்டியையும் அளங்கள். இரண்டும் நேற்றுப்போலவே இருந்தால் இரண்டு வாரம் கைவைக்காதீர்கள்.

டங்கனும் ஹேமரும் வந்தபின் ஆல்கலினிட்டி வாரத்துக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் இறங்கத் தொடங்கும். தண்ணீர் மாற்றுவது மட்டும் போதாமல், சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் வேலை அங்கே ஆரம்பிக்கிறது. அந்தக் கட்டம் வரும்போது நோட்டில் எழுதிய எண்களோடு மீண்டும் எழுதுங்கள். அதற்கு முன், பாலி-ஃபில்டர் திண்டை வைத்த முதல் வாரத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அதன் நிறத்தை வைத்து மணலோடு நிறுத்தலாமா, பாறையும் போக வேண்டுமா என்று சொல்ல முடியும்.